கிடா வந்த மூன்றாம் நாள்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போகிறவர்கள் அந்த வெள்ளாடுகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. உடம்பெல்லாம் கறுப்பு. முகத்தின் இரு பக்கமும் கொம்படியிலிருந்து மூக்கு வரை ஒரு கோடு இறங்கும். கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, செம்பழுப்பென்றால் செங்கன்னி. கரிசல் காட்டின் சொந்த இனமான கன்னி ஆடு இது. மழை பொய்த்த வருஷத்திலும் உடைமர நெற்றையும் வேலிக்கருவேல நெற்றையும் தின்று தாக்குப்பிடிக்கும். ஈத்துக்கு இரண்டு குட்டி போடுவது இதற்குச் சாதாரணம்.

ஆடு வளர்க்கிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு விஷயம் உண்டு. கிடாவின் நிழலே படாமல், பருவத்துக்கும் வராமல் சும்மா மேய்ந்துகொண்டிருக்கும் பெட்டைகளுக்கு நடுவே புதுக் கிடா ஒன்றைக் கொண்டுவந்து விட்டால், இரண்டு மூன்று நாளில் பல பெட்டைகள் ஒன்றுபோலப் பருவத்துக்கு வந்துவிடும். ஓயாமல் கத்தும், வாலை வெடுக்வெடுக்கென்று ஆட்டும், தீனியில் நாட்டம் இராது. கிடா தொட்டிருக்கக்கூட வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் அது நின்றாலே பாதி வேலை முடிந்தது.

குளிர்நாட்டு ஆடுகளுக்குப் பருவத்தைச் சொல்வது பகல் நீளம். இலையுதிர்காலத்தில் பகல் சுருங்கியதும் அவற்றின் உடம்பு விழித்துக்கொள்ளும். கோவில்பட்டி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி வடக்கே. இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது. ஆகவே நம்மூர் ஆடு வருஷம் முழுக்கவே பருவத்துக்கு வரக்கூடியது. அதற்குக் கணக்கில் வருபவை வயிற்றுத் தீனியும் பக்கத்தில் நிற்கும் துணையும்.

கிடாவின் மொச்சை வாடை எவ்வளவு தூரம் வரும் என்று எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனவர்களைக் கேட்க வேண்டியதில்லை. பருவக் கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரத்தைப் பீச்சிக்கொள்ளும் கூத்தும் உண்டு. ஆனால் பெட்டையின் மூளையை உசுப்பும் சரக்கு வருவது தலைத் தோலிலிருந்து. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிடாக்களின் தலையில் வாயுவை உறிஞ்சும் பொருள் வைத்த தொப்பி மாட்டி, அங்கிருந்து கிளம்பும் ஆவியைச் சேகரித்தார்கள். காயடித்த கிடாக்களுக்கும் அதே தொப்பி. இரண்டையும் ஒப்பிட்டு, முழுக் கிடாவிடம் மட்டும் இருந்ததைப் பிரித்தெடுத்தபோது அகப்பட்ட முக்கியமான பொருள் 4-எத்தில்ஆக்டனல். பெட்டை இதை முகர்ந்த சில நிமிடங்களில் மூளையில் மாற்றம் பதிவானது. காற்று பட்டதும் இது ஒரு அமிலமாக மாறுகிறது. நாம் கிடா நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்வது பெரும்பாலும் அந்த அமிலத்தைத்தான்.

மூக்குக்கும் கருவுறுதலுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. இனப்பெருக்கத்தின் முதல் கட்டளை அங்கிருந்து கிளம்புகிறது. கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் நிறைந்த மூளையில் இந்தக் கட்டளை ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் ஆயிரக்கணக்கில்தான் உண்டு. அவை பிறப்பது மூளையிலேயே அல்ல. குட்டி கருவில் இருக்கும்போது மூக்கு உருவாகும் இடத்தில் தோன்றி, அங்கிருந்து ஊர்ந்து மூளைக்குள் குடியேறுகின்றன. மனிதக் கருவிலும் இதே பயணம்தான். சிலருக்கு இந்தப் பயணம் வழியிலேயே நின்றுவிடுகிறது. அவர்களுக்கு வாசனையும் தெரியாது, பருவமடைதலும் தானாக நடக்காது. கால்மன் நோய்க்குறி என்று மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தக் கட்டளை ஹார்மோனின் பெயர் ஜிஎன்ஆர்எச். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. இதன் அமைப்பு 1971இல் தெரியவந்தது. ரோஜர் கில்லமன் செம்மறி மூளைகளிலும் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலும் தேடினார்கள். இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் ஹைப்போதலாமஸ்களை வாங்கி அரைத்தால்தான் சோதிக்கக் கொஞ்சமாவது கிடைக்கும் என்ற நிலை. ஒருவரையொருவர் முந்தப் பல வருஷம் போட்டி போட்ட இருவரும் 1977இல் நோபல் பரிசைச் சேர்ந்தே வாங்கினார்கள்.

கண்டுபிடித்த ஹார்மோனை உடம்பில் விடாமல் செலுத்தினால் கருவளம் கூடும் என்றுதானே தோன்றும்? 1978இல் எர்னஸ்ட் நோபில் குழு குரங்குகளில் செய்து பார்த்தது. இடைவிடாமல் செலுத்தியபோது இனப்பெருக்க ஹார்மோன்கள் படுத்துவிட்டன. அதே மருந்தை மணிக்கு ஒரு தடவை, சில நிமிடங்கள் மட்டும் செலுத்தியபோது எல்லாம் மீண்டும் எழுந்தன. ஹார்மோனின் அளவைவிட அதன் தாளம் முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது. மருத்துவம் இந்த இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டது. கால்மன் நோயாளிகளுக்குச் சிறு பம்ப் மூலம் விட்டுவிட்டுக் கொடுத்துக் கருவளத்தை வரவழைக்கிறார்கள். விடாமல் வேலை செய்யும் இதன் சாயல் மருந்தைக் கொடுத்து, புராஸ்டேட் புற்றுநோயில் ஆண் ஹார்மோனை அடக்குகிறார்கள்.

இந்தத் தாளத்தைப் போடுவது யார் என்ற கேள்விக்கு விடை தந்ததில் வெள்ளாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜப்பானின் ஷிபா என்ற குட்டையின ஆடுகளின் மூளையில் நுண்ணிய மின்முனைகளைப் பதித்துக் கேட்டார்கள். ஹைப்போதலாமஸில் ஒரு நரம்புக்கூட்டம் குறிப்பிட்ட இடைவெளியில் ஒட்டுமொத்தமாக வெடித்து அடங்கியது. ஒவ்வொரு வெடிப்புக்கும் பின்னால் இரத்தத்தில் ஒரு ஹார்மோன் அலை. அந்தச் செல்கள் மூன்று சரக்கு வைத்திருக்கின்றன. நியூரோகைனின்-பி பக்கத்துச் செல்களைக் கிளப்பிவிடும். டைனார்ஃபின் போதும் என்று அடக்கும். கிஸ்பெப்டின் வெளியே போய் ஜிஎன்ஆர்எச் செல்களைத் தட்டும். கிளப்புவதும் அடக்குவதும் மாறி மாறி வருவதால் தாளம் தானாகவே பிறக்கிறது. கிடாவின் தலைவாடை போய்ச் சேருவது இந்த இடத்துக்குத்தான். வாடை வந்ததும் துடிப்பு நெருங்கி வருகிறது.

இனி மூளையை விட்டுச் செல்லுக்குள் இறங்கலாம். ஜிஎன்ஆர்எச் சில மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டி இரத்தக்குழாய்களில் இறங்கிப் பிட்யூட்டரிச் சுரப்பியை அடைகிறது. அங்கே பல வகைச் செல்கள் இருக்கின்றன. எல்லாவற்றின் மேலும் அது படுகிறது, ஆனால் ஒரு வகை மட்டுமே பதில் சொல்கிறது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கத் தீக்குச்சி போதும். குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். தனித்தனியே இரண்டும் சாது. சுவரில் உரசினாலும் தரையில் உரசினாலும் பற்றாத குச்சி, பெட்டியில் உரசினால் பற்றும். ஹார்மோன் குச்சி என்றால், செல்லின் தோலில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதம் அந்தப் பக்கவாட்டுப் பட்டை. ஏற்பி இல்லாத செல்லுக்கு ஹார்மோன் வந்ததே தெரியாது.

ஜிஎன்ஆர்எச் செல்லுக்குள் நுழைவதில்லை, வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஏற்பி லேசாக வளைந்து கொடுக்கிறது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜி-புரதம் என்ற சேதி கடத்தி விடுபட்டு ஒரு நொதியை எழுப்புகிறது. நொதி செல்லின் தோலிலிருக்கும் கொழுப்பையே வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு உள்ளே மிதந்துபோய், கால்சியம் சேமித்துவைத்த அறைகளைத் திறக்கிறது. ஓய்வாக இருக்கும் செல்லுக்குள் கால்சியத்தின் அடர்த்தி வெளியே உள்ளதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருப்பதால்தான் ஒரு சிறு கசிவும் உரக்கக் கேட்கிறது. கால்சிய அலை எழுந்ததும், தயாராக மூட்டை கட்டி வைத்திருந்த எல்எச் ஹார்மோன் இரத்தத்தில் கொட்டுகிறது.

இந்தச் செல் தாளம் எண்ணவும் தெரிந்தது. எல்எச், எஃப்எஸ்எச் என்று இரண்டு ஹார்மோன்களை ஒரே செல் தயாரிக்கிறது. இரண்டிலும் ஒரு பாதி அச்சாக ஒன்றுதான், மறுபாதியில்தான் வேறுபாடு. தட்டல் நெருக்கமாக வந்தால் எல்எச் மரபணு அதிகம் வேலை செய்யும், இடைவெளி விட்டு வந்தால் எஃப்எஸ்எச் மரபணு. வேகமான தட்டலில் எஃப்எஸ்எச்சைத் தடுக்கும் ஒரு புரதம் அழிய நேரம் கிடைக்காமல் குவிந்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. வந்த மூலக்கூறு ஒன்றே, இடைவெளியை வைத்து இரண்டு கட்டளை.

இரண்டும் சினைப்பைக்குப் போகின்றன. சினைப்பையில் ஒவ்வொரு முட்டையும் தன்னைச் சுற்றிச் செல்கள் சூழ்ந்த ஒரு நீர்க்குமிழியில் வளர்கிறது. நுண்ணறை என்று அதற்குப் பெயர். வெளிச்சுவர்ச் செல்கள் எல்எச்சைக் கேட்கும். உள்சுவர்ச் செல்கள் எஃப்எஸ்எச்சைக் கேட்கும். இங்கே சேதி கடத்துவது கால்சியம் அல்ல, சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு. ஏர்ல் சதர்லேண்ட் 1950களின் பிற்பகுதியில் இதைக் கண்டுபிடித்தார், 1971இல் நோபல் பெற்றார். ஏற்பி ஒன்று எழுந்தால் நொதி ஒன்று எழும், அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பியை வரிசையாகத் தயாரித்துத் தள்ளும். ஒரு ஹார்மோன் மூலக்கூறின் குரல் உள்ளே போகப்போகப் பலமடங்காவது இப்படித்தான்.

வெளிச்சுவர்ச் செல் என்ன தயாரிக்கிறது தெரியுமா? ஆண் ஹார்மோன். பெட்டையின் சினைப்பைக்குள் ஆண் ஹார்மோனா என்று திகைக்க வேண்டாம், அது கச்சாப் பொருள். உள்சுவர்ச் செல் அதை வாங்கி அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரடியாலாக மாற்றுகிறது. பெண்மை ஹார்மோன்களில் முதன்மையானது அதுதான். ஒரு செல்லுக்குத் தொடங்கத் தெரியும், முடிக்க முடியாது. மற்றதற்கு முடிக்கத் தெரியும், தொடங்க முடியாது.

ஈஸ்ட்ரடியால் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். பருவத்தில் இருக்கும் ஆட்டின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது பத்து பிகோகிராம் அளவில் இருக்கும். ஒரு பிகோகிராம் என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. முப்பது கிலோ ஆட்டில் இரத்தம் சுமார் இரண்டு லிட்டர். பொடி உப்பின் ஒரே துணுக்கு எடைக்கு ஈஸ்ட்ரடியால் சேர்க்க ஆயிரக்கணக்கான ஆடுகளின் மொத்த இரத்தமும் வேண்டும். எட்டயபுரம் சந்தைக்கு வரும் ஆடெல்லாம் சேர்ந்தும் பற்றாமல் போகலாம்.

இவ்வளவு கொஞ்சமாக இருந்துகொண்டு அது நேரே செல்லின் உட்கருவுக்குள் போகிறது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் செல்லின் தோல் அதைத் தடுப்பதில்லை. உள்ளே அதற்கான ஏற்பி காத்திருக்கிறது. ஹார்மோனைக் கவ்விய ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏமேல் உட்காருகின்றன. ஆட்டின் டிஎன்ஏ சுமார் 290 கோடி எழுத்து. பக்கத்துக்கு 2,000 எழுத்து, புத்தகத்துக்கு 500 பக்கம் என்று அச்சடித்தால் 2,900 புத்தகம் வரும். அதில் ஏற்பிகள் தேடுவது பதினைந்து எழுத்து நீளமுள்ள ஒரு குறிப்பிட்ட அடையாளம். அது விகடகவி மாதிரி: டிஎன்ஏவின் ஓர் இழையை இந்தப் பக்கமிருந்தும் எதிர் இழையை அந்தப் பக்கமிருந்தும் படித்தால் ஒன்றாகவே இருக்கும். ஜோடியில் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்ள வசதி. பிடித்ததும் பக்கத்து மரபணு விழிக்கிறது. மூளையில் இது நடந்தால் பெட்டை வாலை ஆட்டுகிறது. கருப்பையில் நடந்தால் உள்சுவர் தடிக்கிறது.

பெரிய விந்தை இதற்கு அடுத்தது. ஈஸ்ட்ரடியால் கொஞ்சமாக இருக்கும்வரை மூளையைப் பார்த்து அடக்கி வாசி என்கிறது. அளவு ஏறி, மணிக்கணக்கில் உச்சத்திலேயே நின்றால், அதே ஹார்மோன் கொட்டு என்கிறது. ஜிஎன்ஆர்எச் செல்களிடம் இதைக் கேட்கும் முக்கிய ஏற்பியே கிடையாது. கேட்பவை கிஸ்பெப்டின் செல்கள். ஹைப்போதலாமஸில் ஒரு கிஸ்பெப்டின் கூட்டத்தை ஈஸ்ட்ரடியால் அடக்குகிறது, வேறோரிடத்தில் இருக்கும் இன்னொரு கூட்டத்தைத் தூண்டுகிறது. இரண்டாம் கூட்டம் எழும்போது எல்எச் பெருவெள்ளம். ஏறக்குறைய ஒரு நாளில் நுண்ணறை வெடித்து முட்டை வெளிவரும்.

முட்டை அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கிக்கொண்டிருந்தது. தாயாடு தன் தாயின் வயிற்றில் குட்டியாக இருந்தபோதே இந்த முட்டைகள் பாதிப் பிரிவில் நிறுத்தப்பட்டவை. நான்கு வயது ஆட்டின் முட்டைக்கும் நான்கு வயதுக்கு மேல். அதை எழுப்பாமல் வைத்திருப்பதும் சைக்ளிக் ஏஎம்பிதான். சுற்றியுள்ள செல்கள் நுண்துளைகள் வழியே இன்னொரு மூலக்கூறை முட்டைக்குள் அனுப்பி, சைக்ளிக் ஏஎம்பி அழியாமல் பார்த்துக்கொள்கின்றன. எல்எச் வெள்ளம் வந்ததும் அந்த வரத்து நிற்கிறது, துளைகளும் மூடிக்கொள்கின்றன. முட்டைக்குள் சைக்ளிக் ஏஎம்பி சரிகிறது, முட்டை விழிக்கிறது. சுற்றியிருக்கும் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் வேலை தொடங்கும், ஒரு மயிரிழை தள்ளியிருக்கும் முட்டையில் அதே பொருள் இறங்கினால்தான் வேலை தொடங்கும். சேதிக்கு அர்த்தம் சேதியில் இல்லை, கேட்கிற செல்லில் இருக்கிறது. இனப்பெருக்க ஹார்மோன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுவதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, இரட்டைக் குட்டி எப்படி? ஒவ்வொரு சுற்றிலும் பல நுண்ணறைகள் ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. வளர வளர ஈஸ்ட்ரடியால் கூடி எஃப்எஸ்எச்சைக் குறைக்கிறது. அந்தத் தீனி குறைந்ததும் பெரும்பாலான நுண்ணறைகள் சாகின்றன. எல்எச்சைக் கேட்கும் திறமையை அதற்குள் வளர்த்துக்கொண்டது மட்டும் பிழைக்கிறது. இதே மேய்ச்சலில் திரியும் வேம்பூர்ச் செம்மறிக்கு, நம்மவர்கள் பொட்டு ஆடு என்பதற்கு, வழக்கமாக அப்படிப் பிழைப்பது ஒன்று. கன்னி ஆட்டில் பல தடவை இரண்டு. இரட்டையில் ஒன்று கிடாக்குட்டியாகவும் மற்றது பெட்டைக்குட்டியாகவும் இருப்பதைப் பார்த்தாலே இரண்டு தனி முட்டை என்று தெரியும்.

இந்த வெட்டுக்குத் தப்புவதன் ரகசியத்தை மிகத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது நம் நாட்டுச் செம்மறி ஒன்று. வங்காளத்துச் சுந்தரவனச் சதுப்பில் மேயும் கரோல் என்ற சின்ன ஆடு. இரட்டை, மூன்று என்று குட்டி போடும். 1790களில் வங்காளத்து ஆடுகள் கப்பலில் ஆஸ்திரேலியா போயின. அங்கே மெரினோ மந்தைகளில் கலந்த அந்தக் குணம் பூரூலா என்ற பண்ணையில் பல தலைமுறை கழித்து வெளிப்பட்டது. 2001இல் காரணம் அகப்பட்டது. 502 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு ஏற்பிப் புரதத்தில் 249ஆவது இடத்தில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. டிஎன்ஏவில் ஒரே எழுத்து.

அந்த ஏற்பி நுண்ணறைச் செல்கள் அவசரப்பட்டு முதிராமல் பிடித்துவைக்கும் தடை. எழுத்து மாறியதால் தடை தளர்கிறது. நுண்ணறைகள் சிறியதாக இருக்கும்போதே எல்எச்சைக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. சிறியது என்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் ஈஸ்ட்ரடியால் தரும். மூளை முட்டைகளை எண்ணுவதில்லை, ஈஸ்ட்ரடியாலைத்தான் எண்ணுகிறது. போதிய அளவு சேரும்வரை வெள்ளத்தைத் திறக்காது. ஒரு பெரிய நுண்ணறை தருவதை இரண்டு மூன்று சிறியவை கூட்டுச் சேர்ந்து தருகின்றன, எல்லாமே வெடிக்கின்றன. இரத்தத்தைச் சோதித்தால் ஹார்மோன் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. மகாராஷ்டிரத்தில் பல்டண் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலின் இந்த எழுத்தைத் தக்காணச் செம்மறிக்குக் கொண்டுவந்து, நாரி சுவர்ணா என்ற இரட்டைக் குட்டி இனத்தை உருவாக்கியிருக்கிறது.

மரபணு ஒருபக்கம் இருக்க, தீனிக்கும் பங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்து காடு பச்சை பிடித்து, கிடா சேர்வதற்கு முன் சில வாரம் ஆடு வயிறார மேய்ந்தால் இரட்டை கூடும். நல்ல தீனியால் கூடும் இன்சுலின் நேராகச் சினைப்பைச் செல்களோடு பேசி, சாகவிருந்த நுண்ணறைகளைப் பிடித்து நிறுத்துகிறது.

சினை பிடித்த பிறகு வேறொரு கண்டம். வெடித்த நுண்ணறையின் இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு புரோஜெஸ்டரோன் சுரந்து கருப்பையை அமைதிப்படுத்தி வைத்திருக்கும். ஆட்டின் சுற்று 21 நாள். 16ஆம் நாள் வாக்கில் குட்டி இல்லை என்று முடிவானால் கருப்பை புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி அந்தத் திசுவை அழிக்கும். இதில் ஒரு சிக்கல். அந்தப் பொருள் பொது இரத்த ஓட்டத்தில் போனால் நுரையீரல் ஒரே சுற்றில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால் குறுக்குவழி. சினைப்பைக்குப் போகும் தமனி கருப்பையிலிருந்து வரும் சிரையின் மேல் சுற்றிச் சுற்றி ஒட்டிப் படர்ந்திருக்கிறது. சுவர்கள் வழியே பொருள் கசிந்து நேரே போய்விடுகிறது. 1972இல் செம்மறிகளில் இதை நிரூபித்தார்கள்.

கரு உயிரோடு இருந்தால் இந்த அழிவை அது தடுத்தாக வேண்டும். நூலிழையாய் நீண்டு கிடக்கும், இன்னும் கருப்பையில் வேரூன்றாத கரு ஒரு புரதத்தை வெளியிடுகிறது. 1987இல் அதன் எழுத்துவரிசையைப் படித்தவர்களுக்கு அது பழகிய முகமாக இருந்தது. வைரஸ் தாக்கும்போது செல்கள் விடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானின் உறவு. நோயைத் தடுக்க உருவான ஆயுதத்தை ஆடு, மாடு, மான் வகை அசைபோடும் உயிரினங்களின் கரு, நான் இருக்கிறேன் என்று சொல்லப் பயன்படுத்துகிறது. அது பட்டதும் கருப்பைச் செல்கள் ஈஸ்ட்ரஜன் (ஈஸ்ட்ரடியாலின் குடும்பப் பெயர்) ஏற்பியையும், புராஸ்டாகிளாண்டினைக் கிளப்பும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் ஏற்பியையும் தயாரிக்காமல் நிறுத்துகின்றன. ஏற்பி இல்லை, ஆகவே புராஸ்டாகிளாண்டின் அலையும் இல்லை. மஞ்சள் திசு பிழைக்கிறது.

ஐந்து மாதம், ஏறக்குறைய 150 நாள், வெள்ளாட்டில் சினையைத் தாங்குவது அந்தத் திசுதான். அதை முடித்துவைக்கும் நாளைக் குறிப்பது குட்டி. வளர்ந்து முதிர்ந்த குட்டியின் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி அதைக் கேட்டு ஈஸ்ட்ரஜனைப் பெருக்குகிறது. கருப்பைச் செல்கள் அதைக் கேட்டு, ஐந்து மாதத்துக்கு முன் இன்டர்ஃபெரான் அடைத்துவைத்த அதே புராஸ்டாகிளாண்டினை அனுப்புகின்றன. இம்முறை தடுக்க யாரும் இல்லை. புரோஜெஸ்டரோன் விழுந்து, ஒரு நாளுக்குள் ஆடு படுத்தும் எழுந்தும் முன்காலால் கரிசலைப் பறிக்கத் தொடங்குகிறது.